கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கியபோது

வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, கடிதத் தொகுப்பு ஆகிய மூன்றையும் நூலகங்கள் ஒரே அலமாரியில் வைக்கின்றன. படிக்கும்போது மூன்றையும் மூன்று விதமாகத்தான் அணுக வேண்டும். கடிதம் எழுதுகிறவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பது தெரியாது. தன்வரலாறு எழுதுகிறவருக்குத் தம் கதை எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியும். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கோ இறந்த நாள் வரை தெரியும். இதை நான் வெகுநாளாகவே சொல்லி வந்திருக்கிறேன் என்றாலும், ஒருவருடைய கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கிய பிறகுதான் இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் வேலையையே தீர்மானிக்கிறது என்பது புலப்பட்டது.

தொகுப்புக்குரியவர் எங்கள் தலைமையாசிரியர். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து 1950களின் தொடக்கத்தில் கோத்தகிரிக்கு அருகே ஒரு மலைக்கிராமத் தொடக்கப்பள்ளிக்கு வந்தவர், ஓய்வு பெறும் வரை இந்த மாவட்டத்தை விட்டு இறங்கவில்லை. கடைசிக் காலத்தில் அவரிடம் தமிழாசிரியராகப் பணிபுரிந்தவன் என்ற உரிமையில், நினைவு மலர் கொண்டுவர விரும்பிய பழைய மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். அவருடைய மூத்த மகள், அதாவது நாங்கள் அக்கா என்று அழைப்பவர், இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று, ஊரிலிருந்த தம் தமையனாருக்குத் தலைமையாசிரியர் எழுதிய கடிதங்கள் அடங்கிய பிஸ்கட் டின். மற்றொன்று, ஓய்வுக்குப் பின் அவரே தம் வாழ்க்கையை எழுதி வைத்த நீளவாட்டு நோட்டுப் புத்தகம். பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் பெயரில்லாமலே எழுதுகிறேன்.

நோட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கடிதங்களுக்குப் போவதுதான் எளிது. எழுத்துத் தெளிவாக இருக்கிறது, கதை கோவையாக ஓடுகிறது. நான் வேண்டுமென்றே அதைக் கட்டி மேலே வைத்துவிட்டுக் கடிதங்களை முதலில் எடுத்தேன். தன்வரலாற்றை முதலில் படித்துவிட்டால் கடிதங்களெல்லாம் அதற்குச் சாட்சி சொல்ல வந்தவை போலவே தோன்றும். இந்த வரிசையை யார் இந்த வேலைக்கு வந்தாலும் வற்புறுத்திச் சொல்வேன்.

கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத் தேதியே இல்லை. அந்தத் தலைமுறைப் பழக்கப்படி தமிழ் வருஷமும் மாதமும் மட்டுமே தலைப்பில் இருக்கின்றன. அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால், ஒருவர் கடிதம் எழுதும் காலத்துக்குள் ஒரு வருஷப் பெயர் இரண்டு முறை வருவது அரிது. அந்த மட்டில் தொல்லையில்லை. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. சித்திரையில் தொடங்கும் வருஷம் என்பதால் விஜய வருஷத்து ஐப்பசி 1953-இல் விழும், அதே விஜய வருஷத்துத் தை 1954-இல் விழும். இதை ஒரு அட்டவணையாக எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. மனக்கணக்கு மூன்றாவது கடிதத்திலேயே தடுமாறும்.

ஒரு இன்லண்ட் லெட்டரை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் நைந்து, தலைப்பின் முதல் எழுத்துகள் போய்விட்டன. எஞ்சியிருப்பது ‘ஜய வருஷம் ஐப்பசி’ என்பது மட்டுமே. அது விஜய வருஷமா, அதற்கு அடுத்ததான ஜய வருஷமா? 1953-ஆ, 1954-ஆ? அஞ்சல் முத்திரையில் ஊர்ப்பெயரின் பாதி வளைவு தெரிகிறதே தவிர ஆண்டு அப்பிக்கிடக்கிறது. இன்லண்ட் லெட்டர் இந்தியாவில் 1950 அக்டோபரில்தான் வந்தது என்பது ஒரு எல்லையைத் தருகிறது; இந்தச் சிக்கலுக்கு அது போதாது. கடிதத்தின் உள்ளேயே விடை இருந்தது. ‘பிள்ளைகள் அரைநாள்தான் வருகிறார்கள், எங்களுக்கு இரட்டை வேலை’ என்று நடுவில் ஒரு வரி. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த அரைநாள் படிப்புத் திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அழைத்தது, காமராஜர் பதவியேற்றதும் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. ஆகவே அரைநாள் பள்ளியைப் பற்றிப் பேசும் ஐப்பசிக் கடிதம் 1953-க்கு உரியது. இப்படி உள்ளடக்கத்திலிருந்து கண்ட தேதியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, எதை வைத்துக் கண்டோம் என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். எழுதியவர் இட்ட தேதியும் நாம் கண்ட தேதியும் வாசகருக்கு வேறுவேறாகத் தெரியாவிட்டால், நம்முடைய ஊகம் பத்து வருஷத்தில் ஆவணமாகிவிடும்.

தேதி காண உதவும் வேறு சில அடையாளங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தபால்தலையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது. நயா பைசா இருந்தால் பிற்பட்டது. முகவரியில் 643 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால், அந்த முறை 1972 ஆகஸ்டில் வந்தது என்பதால், அதற்குப் பிந்தியது. அச்சிட்ட முகவரித்தாளில் மதராஸ் ராஜ்ஜியம் என்று இருப்பது 1969-க்கு முந்தைய தாள் என்பதைக் காட்டும். சிக்கனக்காரர்கள் பழைய தாளை வெகுநாள் பயன்படுத்துவார்கள் என்பதால் கடிதமும் முந்தையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அச்சிட்ட துண்டறிக்கை ஏதேனும் உள்ளே இருந்தால், னை, லை, ணை ஆகியவை துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்; தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல்.

மேற்படி ஐப்பசிக் கடிதத்தில் தலைமையாசிரியர் தமையனாருக்கு என்ன எழுதியிருக்கிறார்? மழை விடவில்லை என்கிறார். நீலகிரியின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வலுக்கும். கம்பளி ஒன்று வேண்டும், கை விரல்கள் வீங்கியிருக்கின்றன, சமவெளிக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் மூலம் சொல்லிவைக்க முடியுமா என்று கேட்கிறார். ஓரத்து மடிப்பில் குறுக்கெழுத்தாக, ‘அம்மாவிடம் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டாம்’ என்று ஒரு வரி. நோட்டுப் புத்தகத்தில் இதே மாதத்தைப் பற்றி இருப்பது வேறு. மலைமக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்ற எண்ணத்தோடு விரும்பி வந்ததாகவும், மூடுபனியில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதுவே தம் இடம் என்று தோன்றியதாகவும் எழுதியிருக்கிறார்.

இரண்டில் எது உண்மை என்று மலர்க்குழுவில் வாதம் நடந்தது. அந்தக் கேள்வியையே நான் ஏற்கவில்லை. கடிதம் 1953-ஆம் ஆண்டின் ஆவணம். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் அது எழுதப்பட்ட 1980களின் ஆவணம். 1953-இல் இருபத்துச் சொச்சம் வயது இளைஞர் குளிரில் என்ன நினைத்தார் என்பதை ஒன்று காட்டுகிறது; ஒரு முழு வாழ்நாளை இங்கே கழித்த முதியவர் தம் வருகையை எப்படி நினைத்துக்கொள்ள விரும்பினார் என்பதை மற்றொன்று காட்டுகிறது. இரண்டும் அவரேதான். ஆகவே மலரில் கடிதத்தை 1953-இன் கீழும், நோட்டுப் புத்தகப் பகுதியை அது எழுதப்பட்ட காலத்தின் கீழும் வைத்தேன். வாழ்க்கை வரலாறு எழுதும் நண்பர்கள் வழக்கமாகச் செய்வது, நினைவுக் குறிப்பை வெட்டி எடுத்து, அது பேசுகிற ஆண்டில் கொண்டுபோய் ஒட்டுவதுதான். அப்படி ஒட்டிய வரலாறுகளில் நாயகர்கள் எல்லாரும் இருபது வயதிலேயே எழுபது வயதின் தெளிவோடு நடமாடுவார்கள்.

மற்றொரு கடிதம், 1954 மாசி மாதத்தது, மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த வரியிலேயே கூரைத் தகரத்துக்கும் பெயிண்டுக்கும் போய்விடுகிறார். அந்த இடைவெளியை நிரப்ப எல்லாருக்கும் ஆசையாக இருந்தது. நான் நிரப்பவில்லை.

எங்கள் மலையோடு தொடர்புடைய பெரிய உதாரணம் ஒன்று இதற்கு உண்டு. இந்தியச் சட்ட உறுப்பினராக நியமிக்கப்பட்ட மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் இறங்கியபோது, கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உதகையில் இருந்தார். எனவே மெக்காலே சென்னையிலிருந்து ஏறக்குறைய நானூறு மைல் ஆட்கள் தோளில் பல்லக்கில் வந்து, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை உதகையில் கழித்தார். அந்த ஆகஸ்டில், அவர் உயிராக நேசித்த தங்கை மார்கரெட் இங்கிலாந்தில் செங்காய்ச்சலால் இறந்துபோனார். கப்பல் தபால் என்பதால் செய்தி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது 1835 ஜனவரியில். இடையே டிசம்பரில், தம்மோடு இந்தியா வந்திருந்த மற்றொரு தங்கை ஹன்னாவின் திருமணம் பற்றி மார்கரெட்டுக்கு மெக்காலே நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். இறந்து நான்கு மாதமான ஒருத்திக்கு, இறந்தது தெரியாமல் எழுதிய கடிதம் அது. பிற்காலத்தில் எந்தத் தன்வரலாற்றிலும் அந்த டிசம்பர் மாதத்தை அந்த அறியாமையோடு திரும்ப எழுத அவரால் இயன்றிருக்காது.

இந்தியக் கல்வி பற்றிய அவருடைய பெயர்பெற்ற குறிப்பு 1835 பிப்ரவரி 2-ஆம் தேதியிட்டது. கடிதங்களைத் தேதிப்படி வைத்துப் படிக்கும்போது, சாவுச் செய்தி வந்த சில வாரங்களுக்குள் அது எழுதப்பட்டிருப்பது கண்ணில் படுகிறது. துக்கத்தால்தான் அப்படி எழுதினார் என்று கயிறு திரிக்க நான் வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதோடு தொகுப்பாசிரியரின் வேலை முடிந்தது. அவர் வரலாற்றையும் கடிதங்களையும் முதன்முதலில் 1876-இல் வெளியிட்டவர் ஜி. ஓ. டிரெவெல்யன், அதாவது அந்த ஹன்னாவின் மகன். மருமகன் எழுதிய மாமன் வரலாறு என்பதை மனத்தில் கொண்டு படிக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து, 1974 முதல் 1981 வரை, தாமஸ் பின்னி கடிதங்களைத் தனியாக ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். இரண்டும் கிடைக்கும் இடத்தில், கடிதத்துக்குப் பின்னி பதிப்பையும் குடும்பச் சூழலுக்கு டிரெவெல்யனையும் பார்ப்பது சரியாக வரும்.

காந்தியடிகளின் தொகுப்பு நூல்கள் ஆங்கிலத்தில் நூறு தொகுதிகள். பொருள்வாரியாகப் பிரிக்காமல் நாள்வாரியாக அடுக்கியிருப்பதுதான் அதன் பெருஞ்சிறப்பு என்று நினைக்கிறேன். ஹரிஜன யாத்திரையின் நடுவே 1934 பிப்ரவரித் தொடக்கத்தில் அவர் குன்னூரில் தங்கியிருந்தார். பீகார் நிலநடுக்கம் ஜனவரி 15-ஆம் தேதி நடந்திருந்தது. தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனை அது என்று அவர் பேசியது தாகூரை வருந்தச் செய்து, தாகூரின் மறுப்பும் காந்தியின் பதிலும் பிப்ரவரி 16-ஆம் தேதி ஹரிஜன் இதழில் வெளிவந்தன. விவாதத்தை மட்டும் தனிநூலாகப் படிப்பவர்களுக்கு இரண்டு பெரியவர்கள் மேடையில் எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றும். நாள்வாரியான தொகுதியிலோ, அதே வாரத்தில் ஆசிரமத்தாருக்கும் ஊழியர்களுக்கும் எழுதிய சின்னச் சின்னக் கடிதங்களுக்கு நடுவே அது வருகிறது. குன்னூர்க்காரர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறையாவது இருந்த இடத்திலிருந்தே படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் இந்தப் பயிற்சிக்கு உ.வே.சாமிநாதையரைவிடச் சிறந்த பாடம் இல்லை. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933-34-இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். தம் சரித்திரத்தை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி, முடிக்காமலே 1942-இல் காலமானார். பிள்ளையவர்கள் இறந்தது 1876-இல். ஆக, ஆசிரியரோடு கழித்த சுமார் ஐந்தாண்டுகளை ஐயர் இரண்டு முறை, இரண்டு வேறு நோக்கில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் சரித்திரத்தில் தம்மை ஓரத்தில் நிறுத்திக்கொள்கிறார். தம் சரித்திரத்தில் தம் பசியும் பயமும் வெளியே வருகின்றன. இரண்டு நூல்களையும் விரித்து வைத்துக்கொண்டு ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் படித்துப் பாருங்கள். ஐயருக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களும் இப்போது அச்சில் கிடைக்கின்றன. அவற்றில் ஏடு தேடும் இளம் ஆசிரியர் ஒருவரைத்தான் மற்றவர்கள் விளிக்கிறார்கள். தமிழ்த்தாத்தா அங்கே இன்னும் பிறக்கவில்லை.

பிற்காலப் புகழ் எப்படி ஒரு வாழ்க்கையின்மேல் போர்த்தப்படுகிறது என்பதற்கு எங்கள் ஊரோடு தொடர்புள்ள உதாரணம் ஜி. யு. போப். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் பணியாற்றிய பிறகு, 1859 முதல் 1870 வரை உதகையில் பள்ளி நடத்தினார். பிறகு பெங்களூர், பிறகு ஆக்ஸ்போர்டு. திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும், நாலடியார் 1893-இலும், திருவாசகம் 1900-இலும் வந்தன. மேடைகளில் சொல்லப்படும் போப் வரலாற்றில் உதகையின் பதினோரு ஆண்டு அரைவரிதான். மொழிபெயர்ப்பு எதுவும் அங்கே வெளிவரவில்லை என்பதால் கதைக்கு அது பயன்படுவதில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில்தான், 1862-இல், இந்து மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய துபுவா பாதிரியாரின் நூலுக்குக் குறிப்புகளும் திருத்தங்களும் சேர்த்துப் பதிப்பித்தார். தோடர் மொழிக்கு அவர் எழுதிய சுருக்கமான இலக்கணம், தோடர்களைப் பற்றி மார்ஷல் எழுதிய 1873-ஆம் ஆண்டு நூலின் பின்னிணைப்பாக உள்ளது. பள்ளி நடத்திய பாதிரியார் ஒருவர் பக்கத்து மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், பேசும் மொழிக்கும் காது கொடுத்திருக்கிறார் என்பது, எனக்கு அவருடைய குறள் மொழிபெயர்ப்பைப் புரிந்துகொள்ளவே உதவுகிறது.

கல்லறைக் கதையையும் சொல்ல வேண்டும். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்பதைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. நானே வகுப்பில் கேட்டு வளர்ந்தவன். ஆக்ஸ்போர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள கல்லில் அந்த வாசகம் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்த போப் என்று பெயரும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற விவரமும் அதில் உண்டு. கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் வாழ்நாள் முழுவதும் உழைத்ததைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் நாட்டிய கல் இது என்று இருக்கிறது. 1908-இல் இறந்தவருக்கு இங்கிருந்த நண்பர்கள் கடல் கடந்து கல் நாட்டத் துணை நின்றார்கள் என்பது, யாரோ கட்டிய வாசகத்தைவிடப் பெரிய செய்தி அல்லவா? நினைவு மலர்களுக்குக் கட்டுரை வாங்கும்போது, இத்தகைய மேற்கோள் வரும் இடத்திலெல்லாம் ‘இதை எங்கே பார்த்தீர்கள்?’ என்று பென்சிலால் எழுதி அனுப்புவது என் வழக்கம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் வரியை நீக்கிவிடுகிறார்கள்.

மலைப்பிரதேசத்தில் தாள்களைக் கையாளுவது பற்றிச் சுருக்கமாக: ஆனி முதல் ஐப்பசி வரை கடிதக் கட்டுகளைப் பிரிக்காமல் இருப்பது நல்லது, தையிலும் மாசியிலும் காலையில் உறைபனி இருந்தாலும் பகலில் காற்று உலர்ந்திருக்கும், வேலைக்கு ஏற்ற காலம் அதுவே. ஈரம் பட்ட தாளை வெயிலில் காயவைத்தால் மை வெளுக்கும். நிழலில் மின்விசிறிக் காற்றில் விரித்துவைத்தால் போதும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் அதைவிடக் கேடு. ராமபாணப் பூச்சி பசை உள்ள உறைகளைத்தான் முதலில் தின்னும் என்பதால் உறையையும் கடிதத்தையும் தனித்தனியாக வைத்து, இரண்டுக்கும் ஒரே எண் இடவேண்டும். படம் எடுக்கும்போது இன்லண்ட் லெட்டரின் ஓர மடிப்புகளையும் வெளிப்புறத்தையும் தவறாமல் எடுக்க வேண்டும். தாயாரிடம் சொல்ல வேண்டாம் என்ற அந்த வரி ஓர மடிப்பில்தான் இருந்தது.

இனி, எதை விடுவது என்ற கேள்வி. ஐப்பசிக் கடிதத்தைப் பார்த்ததும் அக்கா, ‘மாத்தலுக்கு ஆள் பிடிக்கச் சொன்னாருன்னு போட்டா அப்பா பேரு என்னாகும் தம்பி?’ என்றார். கேட்கக்கூடிய கேள்விதான். நான் கடிதங்களைத் தேதிப்படி தட்டச்சு செய்து, மாசிக் கடிதம் வரை அவர் கையில் கொடுத்து, முடிவை அவரிடமே விட்டேன். ஒரு வாரம் கழித்து ஐப்பசிக் கடிதத்துக்குச் சம்மதம் சொன்னார். பாகப்பிரிவினை பற்றிய சில கடிதங்களை மட்டும், அதில் வருகிறவர்கள் உயிரோடு இருப்பதால், போட வேண்டாம் என்றார். அது நியாயம். அவை விடப்பட்டன என்பதையும், எந்த ஆண்டுகளுக்கு உரியவை என்பதையும் முன்னுரையில் சொல்லியிருக்கிறேன். ஒரு கடிதத்துக்குள் வரிகளை நீக்கிய இடத்தில் மூன்று புள்ளிகளைச் சதுர அடைப்புக்குள் இட்டிருக்கிறேன். நைந்துபோன இடத்துக்கு வேறு குறி. விட்டதை மறைக்காத வரை, விடுவதற்கு எந்தக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்பது என் கருத்து. இதை வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டுவிட்டால், அச்சுக்குப் போகும் சமயத்தில் மனத்தாங்கல் வராது.

தமையனார் எழுதிய பதில்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தலைமையாசிரியர் வாடகை வீடு மாறும்போதெல்லாம் தாள்களைக் கழித்துக்கட்டுபவர். ஆகவே ‘நீங்கள் எழுதியபடியே செய்துவிட்டேன்’ என்பது போன்ற வரிகள் தொகுப்பில் அப்படியே நிற்கின்றன. என்ன எழுதினார், என்ன செய்தார் என்று குறிப்புப் போடவில்லை. மூலக் கடிதங்கள் அக்காவிடமே திரும்பிவிட்டன. படங்களின் ஒரு பிரதி என்னிடமும் ஒரு பிரதி மலர்க்குழுவிடமும் இருக்கின்றன, சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கக் குடும்பத்தாரிடம் கேட்டிருக்கிறேன். பாகப்பிரிவினைக் கடிதங்களை அதில் சேர்ப்பதா, முப்பது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று தனி உறையில் கொடுப்பதா என்பதை அக்காவும் அவர் தம்பிகளும் இந்தப் பொங்கலுக்குக் கூடும்போது பேசி முடிவு செய்வார்கள்.